மகாநாட்டுப் பிரதிநிதியின் கைச்செலவுக் கணக்கு

கூட்டுறவு இயக்கத்தில் மகாநாடுகளுக்குக் குறைவில்லை. ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை கொண்டாடப்பெறும் கூட்டுறவு வாரத்தில் பல ஊர்களில் கூட்டங்கள் நடைபெறுகின்றன. 2023 ஜூலை மாதத் தொடக்கத்தில் 17-ஆவது இந்தியக் கூட்டுறவு மகாநாடு புது டில்லியில் கூடிற்று. 1895-இல் தோன்றிய சர்வதேசக் கூட்டுறவு ஐக்கியத்தின் உலக மகாநாடு 2024 நவம்பர் 25 முதல் 30 வரை, இந்திய மண்ணில் முதன்முறையாக, அதே நகரில் பாரத மண்டபத்தில் நிகழ்ந்தது. இத்தகைய மகாநாடுகளின் தலைமையுரைகள் அச்சேறுகின்றன. தீர்மானங்கள் சுற்றறிக்கைகளாகச் சங்கங்களுக்கு வந்து சேருகின்றன. ஆனால் அங்கே செல்லும் பிரதிநிதியின் பையில் எவ்வளவு பணம் இருக்கவேண்டும், அதனை அவர் எங்ஙனம் பகுத்துச் செலவிடவேண்டும் என்பது பற்றி எவரும் பேசக் காணோம். இம்மாதப் பாடத்திற்கு அதனையே எடுத்துக்கொண்டோம்.

இது அற்ப விஷயம் என்று அங்கத்தினர் சிலர் எண்ணக்கூடும். அங்ஙனம் எண்ணுவோர் தம் சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகத்தைப் பத்து ஆண்டுகளுக்குப் பின்னோக்கிப் புரட்டிப் பார்ப்பாராக. வெளியூர் மகாநாடுகளுக்குச் சென்றவர் பெயர்கள் இரண்டு அல்லது மூன்றாகவே இருக்கும் சங்கங்கள் பல. மற்றவர்களுக்கு ஆர்வமில்லை என்று இதற்குக் காரணம் கூறப்படுகிறது. உண்மை வேறு. போனால் கைப்பணம் கரையும், வீட்டில் வரும்படி நிற்கும் என்று அஞ்சியே தறிக்காரர் ஒதுங்கிக்கொள்கிறார். சொந்தப் பணத்தைப் போட்டுச் சமாளிக்க வல்லவரே கை தூக்குகிறார். ஆதலின் கைச்செலவுத் தொகையை நிர்ணயிக்கும்போது, யார் பிரதிநிதியாகலாம் என்பதையும் நிர்வாகக் குழு தன்னை அறியாமலே நிர்ணயித்துவிடுகிறது.

நாள்களின் கணக்கை முதலில் பார்ப்போம். டில்லியில் செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று நாள் மகாநாடு என்று வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். விரைவு ரயிலிலேயே சுமார் 33 மணி நேரம். ஞாயிறு இரவு வண்டியேறினால் செவ்வாய் காலை இறங்கலாம். வியாழன் இரவு திரும்ப ஏறினால் சனிக்கிழமை காலை சென்னை. அங்கிருந்து சொந்த ஊர் சேரப் பகல் கழிந்துவிடும். மூன்று நாள் மகாநாட்டுக்குத் தறி ஆறு நாள் நிற்கிறது. நிர்வாகக் குழுவோ பெரும்பாலும் மூன்று நாளுக்கே படி எழுதுகிறது! ரயிலில் இருக்கும் நாளிலும் மனிதனுக்குப் பசிக்கும் என்பது தீர்மானம் எழுதுவோருக்கு நினைவில் நிற்பதில்லை போலும்.

தறி நிற்பதன் நஷ்டத்தை எவ்வாறு கணிப்பது? சங்கத்தின் கூலிப் புத்தகமே இதற்குச் சான்று. பிரதிநிதி சென்ற மூன்று மாதங்களில் பெற்ற கூலியைக் கூட்டி, நெய்த நாள்களால் வகுக்கலாம். மூன்று மாதத்தில் 75 நாள் நெய்து 30,000 ரூபாய் பெற்றவருக்கு நாளொன்றுக்கு 400 ரூபாய் ஆகிறது. ஆறு நாளுக்கு 2,400 ரூபாய். இதில் அவருக்குத் தார் சுற்றிக் கொடுக்கும் மனைவியின் உழைப்பும் அடங்கியுள்ளது. தறி நின்றால் இராட்டையும் நிற்கும் அல்லவா? பயிரிடும் அங்கத்தினருக்குக் கணக்கு வேறு விதம். முறைத் தண்ணீர் வரும் நாளில் அவர் ஊரில் இல்லையேல், மடை திருப்ப ஓர் ஆளுக்குக் கூலி கொடுக்கவேண்டும். மாடு கறக்கவும் தீனி வைக்கவும் அண்டை வீட்டாரை வேண்டிக்கொள்ளவேண்டும். அந்த ஆள்கூலியே அவருடைய நஷ்டம். இவ்விரு வகை ஈட்டையும் சங்கத்தின் துணைவிதிகள் இடங்கொடுக்கும் அளவில் பேரவையில் முன்கூட்டியே வைத்து அனுமதி பெற்றுக்கொள்வது முறை. பிரதிநிதி ஊர் திரும்பிய பின்னர் அதனைக் கேட்டால் சலுகைபோல் தோன்றும். போகுமுன் எழுதிவைத்தால் அது திட்டம்.

இனிப் பிரயாணச் சீட்டு. 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு பிரயாண நாளுக்கு 60 நாள் முன்னரே தொடங்குகிறது. அதற்கு முன் இது 120 நாளாக இருந்தது. இரண்டு மாதங்களுக்கொருமுறை கூடும் நிர்வாகக் குழு, அழைப்புக் கடிதத்தை அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைத்தால் சாதாரணச் சீட்டு கிடைக்காமற்போகும். பின்னர் தட்கல் சீட்டுக்கு அதிகக் கட்டணம் செலுத்தவேண்டும். உறுதியான தட்கல் சீட்டை ரத்துச் செய்தால் பணமும் திரும்பாது. மூத்த குடிமக்களுக்கு ரயிலில் அளிக்கப்பட்டுவந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதை மறந்து, பழைய கணக்கையே வைத்துத் தொகை எழுதிய சங்கங்களும் உண்டு. முதியோரும் உள்ள நெசவுத் தொழிலில் இது சிறு பிழையன்று.

தங்கும் இடத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டுவதில்லை. மகாநாடு நடத்துவோர் இடம் தருகின்றனரா, பகலுணவு தருகின்றனரா என்பதைக் கடிதம் எழுதியோ கைபேசியில் விசாரித்தோ முன்னரே தெரிந்துகொள்ளவேண்டும். அவ்வளவே.

கைச்செலவுக்கு வருவோம். இடமும் பகலுணவும் அங்கே கிடைக்கும் எனக் கொண்டு, மாதிரிக்கு ஒரு கணக்குப் போடுகிறோம். தொகைகள் விளக்கத்திற்காக எழுதப்பட்டவை. அவரவர் ஊர் நிலவரப்படி திருத்திக்கொள்க. ரயிலில் கழியும் திங்கள், வெள்ளி ஆகிய இரு நாள்களுக்கும் நாளொன்றுக்கு 300 வீதம் 600 ரூபாய். மகாநாட்டு நாளில் காலைச் சிற்றுண்டி 80, இரவுணவு 120, வெளியே தேநீர் 40, ஆக 240. மூன்று நாளைக்கு 720. மூட்டையுடன் நிலையத்திலிருந்து விடுதிக்குச் செல்லவும் திரும்பவும் ஆட்டோ 300. அன்றாடம் மெட்ரோ ரயிலுக்கு 60 வீதம் 180. பார்க்கவேண்டிய இடங்களுக்கும் சிறு நூல்களுக்கும் 200. சலவை, மருந்து, கைபேசி முதலியவற்றுக்கு 150. ஆக மொத்தம் 2,150. இதனுடன் எதிர்பாராச் செலவுக்கு 350 சேர்த்தால் 2,500 ரூபாய் ஆகிறது. மேலே கண்ட கூலி நஷ்டமான 2,400-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் செலவும் தெரியாத செலவும் ஏறக்குறைய சமம்! முன்னதை மட்டும் கொடுத்துவிட்டு, ‘எல்லாச் செலவையும் சங்கம் ஏற்றது’ என்று அறிக்கையில் எழுதுவது பொருந்துமா?

2,500 ரூபாயை ஆறால் வகுத்து நாளுக்கு இவ்வளவு என்று வைத்துக்கொள்வது பலரும் செய்வது. அது சரிப்படாது. புதிய ஊரில் செலவு சமமாக நடப்பதில்லை. முதல் நாளில் விலை தெரியாது, வழி தெரியாது. பத்து ரூபாய்ப் பொருளுக்கு இருபது கொடுத்து, நடக்கக்கூடிய தூரத்துக்கு ஆட்டோ ஏறுவோம். கடைசி நாளிலோ வீட்டுப் பிள்ளைகளின் முகம் நினைவுக்கு வர, கடைத்தெருவில் கை தாராளமாகிவிடும். ஆகவே வண்டி ஏறுவதற்கு முன்னரே, திரும்பும் நாளின் உணவுக்கான 300, நிலையத்துக்குச் செல்லும் ஆட்டோவுக்கான 150, ஊர்ப் பேருந்துக் கட்டணம் ஆகியவற்றைத் தனி உறையிலிட்டு ஒட்டிப் பெட்டியின் அடியில் வைத்துவிடவேண்டும். எதிர்பாராச் செலவுத் தொகை இன்னோர் உறையில். எஞ்சியதே செலவுக்குரிய பணம். இரண்டு இடங்களில் பணம் இருப்பது திருட்டுக்கும் காப்பு. கைபேசி வழியே யூ.பி.ஐ. மூலம் செலுத்துவோரும் ஓரளவு ரொக்கத்தைப் பிரிக்காமல் வைத்திருத்தல் நலம். நெடுந்தூர ரயிலில் பல இடங்களில் சைகை கிடைப்பதில்லை.

யூ.பி.ஐ. இருக்கையில் கணக்கு நோட்டு எதற்கு என்று இளைஞர் கேட்கின்றனர். கைபேசி, பணம் யாருக்குச் சென்றது, எத்தனை மணிக்குச் சென்றது என்பதைக் காட்டும்; எதற்காகச் சென்றது என்பதைக் காட்டாது. யாரோ ஒருவர் பெயரில் 90 ரூபாய் போயிருப்பின், அது ஆட்டோவா, சாப்பாடா, சொந்தத்திற்கு வாங்கிய சீப்பா என்பது ஒரு வாரத்தில் மறந்துபோகும். 1888-இல் இலண்டன் சென்று சட்டம் பயின்ற காந்தியடிகள், வண்டிக் கட்டணம், தபால் தலை, செய்தித்தாள் ஆகியவை உட்பட ஒவ்வொரு காசையும் எழுதி, படுக்கப்போகுமுன் இருப்பைச் சரிபார்த்ததாகத் தம் சுயசரிதையில் குறிப்பிட்டுள்ளார். பின்னாளில் பெருந்தொகையான பொதுப் பணத்தைக் கையாள அப்பழக்கமே தமக்கு உதவியதாகவும் கூறுகிறார். அந்தப் படுக்கப்போகுமுன் என்ற நேரம் கவனிக்கற்பாலது. மறுநாள் காலை எழுதலாம் என்று விட்டால், பத்து ரூபாய்ச் செலவுகள் முதலில் மறந்துபோகின்றன.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். தேநீர்க் கடைக்காரர் ரசீது தருவதில்லை. தணிக்கையாளரோ சீட்டுக் கேட்கிறார். என் செய்வது? உணவுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று நிலையான படியாகவும், பிரயாணம், தங்குமிடம் ஆகியவற்றுக்கு உண்மைச் செலவுப்படியும் கொடுப்பதே சிறந்தது என்பது நமது கருத்து. நிலையான படி கொடுத்தால் சிலர் அரைவயிறு உண்டு மிச்சம் பிடிப்பர் என்று ஆட்சேபிக்கலாம். பிடிக்கட்டுமே; அது அவர் வயிறு, அவர் மிச்சம். ஆனால் நான்கு பேர் செல்லும் ஆட்டோவுக்கு நால்வரும் தனித்தனியே முழுக் கட்டணம் எழுதுவது அவ்வாறன்று. ஒன்றாகச் செல்லும் பிரதிநிதிகள் வண்டிச் செலவை ஒருவர் நோட்டிலேயே எழுதி, மற்றவர்கள் அதனை ஒப்புக்கொண்டு கையெழுத்திடுவது பின்னர் வரும் சச்சரவைத் தவிர்க்கும். பிற மாநிலத்துப் பிரதிநிதிகளுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தால் யார் செலவு என்பதும் சில சங்கங்களில் பேச்சாகிறது. அறிமுகமும் தொழில் உறவும் மகாநாட்டின் பயன்களே. உபசாரம் என்று ஒரு சிறு தொகையைத் தீர்மானத்திலேயே எழுதிவிட்டால், நம்மவர் பிறர் வாங்கிக் கொடுத்ததை மட்டும் குடித்துவிட்டுக் கூச்சத்துடன் திரும்பவேண்டியதில்லை.

குளிர் காலத்தில் வட நாடு செல்வோர் கம்பளியும் போர்வையும் ஊரிலிருந்தே எடுத்துச் செல்லவேண்டும். சென்னிமலையில் போர்வை நெய்பவர், நவம்பர்க் குளிர் தாங்காமல் டில்லி நடைபாதையில் விசைத்தறிப் போர்வை வாங்கி வருவது சிரிப்புக்குரியது, செலவும் வீண்.

செலவைக் குறைப்பதையே பேசிவரும்போது, குறைக்கக் கூடாத ஓர் இனத்தையும் சொல்லியாகவேண்டும். மேற்கண்ட கணக்கில் இடம் பார்க்கவும் நூல் வாங்கவும் என எழுதிய 200 ரூபாயே அது. பணம் முடை வந்தால் முதலில் வெட்டப்படுவது இதுதான். பாரத மண்டபம் அமைந்துள்ள பிரகதி மைதானத்தை அடுத்துத் தேசியக் கைவினை அருங்காட்சியகம் இருக்கிறது. நாட்டின் பல பகுதி நெசவுத் துணிகள் அங்கே சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. திங்கட்கிழமை விடுமுறை, நமது மாதிரிப் பிரதிநிதி செவ்வாயன்று இறங்குவதால் தடையில்லை. 1994-இல் தொடங்கப்பெற்ற டில்லி ஹாட் சந்தையில் கைத்தறிச் சரக்கு எந்த விலைக்குப் போகிறது, வாங்குவோர் எந்த நிறத்தைக் கையில் எடுக்கின்றனர் என்பதை இரண்டு மணி நேரம் நின்று கவனிக்கலாம். மேடையில் நாள் முழுதும் கேட்ட சொற்பொழிவைக் காட்டிலும் நெசவாளருக்கு இது பயன்படும் என்று சொன்னால் மகாநாடு நடத்துவோர் நம்மைக் கோபிக்கமாட்டார்கள் என நம்புகிறோம். வீட்டுக்கு வாங்கும் பொருள் மட்டும் முற்றிலும் சொந்தப் பணத்தில், தனிப் பையிலிருந்து. மாலையில் சரிசெய்துகொள்ளலாம் என்று சங்கப் பணத்திலிருந்து எடுப்பதே குழப்பத்தின் தோற்றுவாய்.

ஊர் திரும்பிய பின், ஒரு வாரத்திற்குள் நோட்டையும் சீட்டுகளையும் மீதியையும் அலுவலகத்தில் ஒப்படைத்து, மீதிக்கு ரசீது பெற்றுக்கொள்ளவேண்டும். முன்பணம் மாதக் கணக்கில் நிலுவையில் நின்றால், ஒரு காசும் எடுக்காதவர் மீதும் பேச்சு எழும். அதன் பிறகு அவர் கூட்டத்திற்கு வருவதையே குறைத்துக்கொள்வார். நிர்வாகக் குழுவுக்கும் இதில் கடமையுண்டு. கைக்காசு கூடுதலாகச் செலவாகியிருந்தால் அதனை அடுத்த கூட்டம் வரை இழுக்காமல் கொடுத்துவிடவேண்டும்.

நோட்டில் ஒவ்வோர் இனத்துக்கும் எதிரே இரண்டு கட்டங்கள் போடுவது வசதி: ஒன்றில் திட்டமிட்ட தொகை, மற்றதில் உண்மையில் செலவான தொகை. தேநீருக்கு 40 என்று போட்ட இடத்தில் 70 ஆகியிருந்தால், அடுத்த முறை தீர்மானத்தில் 70 என்றே எழுதுக. அந்த நோட்டை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல், அடுத்த மகாநாட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்படும் பிரதிநிதியிடம், அவர் வண்டி ஏறுவதற்குப் பதினைந்து நாள் முன்னரே கொடுத்துப் படிக்கச் சொல்லலாம்.