மண்டலக் கணக்கும் மனசுக் கணக்கும்

சித்தப்பா அந்தியூர் ஏரிக்கரையில் நடக்க ஆரம்பித்தது தை மாசம். சித்தி போய்ச் சேர்ந்ததிலிருந்து ராத்திரித் தூக்கம் கெட்டு, எந்நேரமும் ஒரே ரோசனை. நடக்கச் சொன்னது டாக்டர். "ஒரு மண்டலம் நடந்துட்டா அப்பறம் தன்னால பழகிக்கும் கண்ணு" என்று காலண்டரில் தினமும் கோடு போட்டு வந்தார். இருபத்திரண்டாம் நாள் பவானியில் ஒரு எழவு. போய்விட்டு வந்தவர், "விட்டுப்போச்சு. இனி மொதல்லயிருந்து எண்ணோணும், ஆடி கழியட்டும்" என்று ஷூவைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டார்.

நம்பிக்கை: 48 நாள் விடாமல் செய்தால் பழக்கம் ஒட்டிக்கொள்ளும், ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு.

மண்டலம் என்பது விரதத்துக்கும் சித்த மருந்துக்கும் உள்ள கணக்கு. விரதத்துக்கு முடிவு உண்டு. மாலையைக் கழற்றிய மறுநாளே கறிக்கடையில் நிற்கிறோம். பழக்கத்துக்கு அப்படி ஒரு முடிவு நாள் கிடையாது. வாட்ஸ்அப்பில் சுற்றும் '21 நாள்' கதையும் இப்படித்தான். அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் மேக்ஸ்வெல் மால்ட்ஸ், ஆபரேஷனில் மாறிய முகம் நோயாளிக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். அந்தக் 'குறைந்தது' வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது.

நிஜமாகவே எண்ணிப் பார்த்தவர் லண்டனில் ஃபிலிப்பா லேலி. 96 பேரை 12 வாரம் கவனித்து, ஒரு பழக்கம் யோசிக்காமலே கை வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆகிறது என்று 2009இல் வெளியிட்டார். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை போகும் என்பது அவர் கணக்கு. நடுவில் ஒரு நாள் விட்டவர்களுக்குப் பெரிதாக எதுவும் கெடவில்லை. அவர் வைத்த முக்கிய நிபந்தனை: தினமும் தவறாமல் நடக்கும் வேறொரு காரியத்தின் பின்னால் புதுப்பழக்கத்தைக் கட்டிவிட வேண்டும்.

நம்பிக்கை: முதலில் மனசு சரியாகட்டும், வேலை தன்னால ஓடும்.

எங்கள் ஊர் வெற்றிலைக் கொடிக்காலில் போய்ச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். கொடி கட்டுகிற அக்கா மனசு கேட்டா கட்டுகிறார்? நாரை எடுத்து நாலு கொடி கட்டிய பிறகுதான் பேச்சே வருகிறது அவருக்கு. மனச்சோர்வு சிகிச்சையில் இதே வரிசையை நம்பி ஒரு முறை இருக்கிறது: சின்ன வேலையில் இறங்கு, மனசு பின்னால் வரும். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த 495 பேரிடம் அதைச் சோதித்தார்கள். பேசியவர்கள் மனநல டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். மூன்று மாசத்தில் அந்தப் பேச்சு கிடைத்தவர்களில் 64 சதவீதம் பேர் தேறினார்கள், கிடைக்காதவர்களில் 39.

நம்பிக்கை: ஒரு கட்டிங் போட்டால் நல்லா தூக்கம் வரும்.

வரும். நடுச்சாமத்தில் எழுப்பியும் விடும்.

நம்பிக்கை: நடை, தியானம் போதும், மாத்திரை தின்றால் அடிமையாகிவிடுவோம்.

இதுதான் ஆபத்தானது. தூக்க மாத்திரைகளில் சிலது அப்படிப் பிடித்துக்கொள்ளும், உண்மை. மனச்சோர்வு மாத்திரை அந்த வகை அல்ல. வேலை செய்யச் சில வாரம் ஆகும். நாமாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. ரெண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, சோறு இறங்கவில்லை என்றாலோ, சாகலாமா என்று ஒரு தரம் தோன்றினாலோ ஏரிக்கரை போதாது, டாக்டர் வேண்டும். டாக்டரிடம் போகக் கூச்சமாக இருந்தால் 14416ஐ அழைக்கலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ். இலவசம், ராத்திரி ரெண்டு மணிக்கும் தமிழில் பேசுவார்கள்.

சித்தப்பா ஆடி வரைக்கும் காத்திருக்கவில்லை. பரண்மேலிருந்து ஷூவை நானே இறக்கிக் கொடுத்தேன். காலையில் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு அப்படியே ஏரிக்கரைக்குப் போகிறார், காலண்டரில் கோடு இல்லை. போன திங்கள் சந்தைக்குப் போனதில் நடை விட்டுப்போச்சாம். செவ்வாய்க்கிழமை பார்த்தேன், காலி பால்கேனைக் கையில் ஆட்டிக்கொண்டே கரைமேல் வந்துகொண்டிருந்தார்.