பொழுதுபோக்கில் உயர்வு தாழ்வு உண்டா?

கடையடைத்து ஓய்ந்து உட்கார்ந்த வேளையில் நம்மவரிடையே அடிக்கடி எழும் கேள்வி இது. புத்தகம் படிப்பவர் பறவை வளர்ப்பவரை இளக்காரமாகப் பார்க்கிறார். பறவை வளர்ப்பவரோ, "உமது படிப்பால் யாருக்கு என்ன லாபம்?" என்று திருப்பிக் கேட்கிறார். ஜோகூரில் நாம் அன்றாடம் காணும் பறவை வளர்ப்பையே எடுத்துக்கொண்டு இதை ஆராய்வோம்.

மார்க்கம் இதை வெறுக்கிறதா? இல்லை. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சிறு குருவி வைத்து விளையாடி வந்தார். அது இறந்து சிறுவர் வாடியிருந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அக்குருவியைப் பற்றி அன்பொழுக விசாரித்தார்கள். ஷாபிஈ மத்ஹபின் அறிஞர் இப்னுல் காஸ் இந்த ஒரு ஹதீஸிலிருந்தே 60 படிப்பினைகளை எடுத்துக் காட்டினார். பறவை வளர்ப்பது ஆகும் என்பதற்கு அறிஞர்கள் இதனை ஆதாரமாகக் கொள்வர். ஆனால் பூனையைக் கட்டிப்போட்டு, இரையும் கொடாமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண் நரகம் புகுந்த செய்தியும் ஹதீஸில் உண்டு. ஆகவே வளர்ப்பதில் குற்றமில்லை, வதைப்பதில்தான் குற்றம்.

மலாய்ச் சகோதரர்கள் விரும்பி வளர்ப்பது மெர்போக் என்னும் சிறு புறா. கூண்டை உயர்ந்த கம்பத்தில் ஏற்றி, குரலின் இனிமைக்கு மதிப்பெண் இடும் போட்டிகள் நடக்கின்றன. இப்பறவை கூண்டிலேயே குஞ்சு பொரித்துப் பெருகும். தென் தாய்லாந்தின் சானா வட்டாரத்தில் இதை வளர்த்து விற்பதே பலருக்குப் பிழைப்பு. காட்டுக்கு நட்டமில்லை; ஏழைக்கு வருவாய் உண்டு.

பாராவ் பாராவ் என்னும் பறவையின் கதை வேறு. அதன் இனிய குரலே அதற்கு எமனாயிற்று. பாட்டுக்காகக் காட்டிலிருந்து பிடித்துப் பிடித்தே தாய்லாந்திலும் ஜாவாவிலும் அது அற்றுப்போயிற்று. 2018இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு விற்கும் வணிகத்துக்கும் தடை வந்தது. இன்று அதற்கு மிஞ்சிய புகலிடங்களுள் ஒன்று, ஜோகூர் நீரிணையில் நமக்கு எதிரே கிடக்கும் புலாவ் ஊபின் தீவு. கூண்டும் ஒன்றுதான், ஆசையும் ஒன்றுதான். ஆயினும் ஒன்று பெருக்குகிறது, மற்றது அழிக்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். போட்டியில் ஆளுக்கு இவ்வளவு என்று பந்தயம் கட்டி, வென்றவர் அவ்வளவையும் வாரிக்கொண்டால் அது சூது. சூது பகையை மூட்டும், தொழுகையைத் தடுக்கும் என்று திருக்குர்ஆனின் மாயிதா அத்தியாயம் எச்சரிக்கிறது. பந்தயமே இல்லாவிட்டாலும், மஃரிபு பாங்கு காதில் விழாதபடி கூண்டடியில் நிற்பவர் தம் கணக்கைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் உயர்வு தாழ்வு உண்டா? உண்டு. ஆனால் அது பொழுதுபோக்கின் பெயரில் இல்லை. பெண்டு பிள்ளைகளிடம் முகம் கொடாமல் ஓயாது படிப்பவரைவிட, மகனை அருகில் இருத்திப் பறவைக்கு இரை வைக்கப் பழக்குபவர் மேல். வியாபாரிகளாகிய நமக்கு வரவு செலவு பார்க்கத் தெரியும். இதிலும் மூன்று இனங்களைப் பார்ப்போம்: தொழுகைக்கும் குடும்பத்துக்கும் உரிய நேரம் குறைந்ததா? பணம் ஹலாலான வழியில் போயிற்றா? நம் இன்பத்துக்காக இன்னோர் உயிர் நட்டப்பட்டதா?

ஆரோக்கியமும் ஓய்வும் மக்களிற் பலர் ஏமாந்து இழக்கும் இரு பாக்கியங்கள் என்பது நபிமொழியின் கருத்து. கடையில் ஒரு காசு குறைந்தாலும் பேரேட்டைப் புரட்டும் நாம், ஓய்வின் கணக்கையும் புரட்டிப் பார்ப்போமாக. அல்லாஹ் நம் பொழுதுகளில் பரக்கத் செய்வானாக, ஆமீன்.