பீங்கானும் ஊறுகாய் ஜாடியும்

மயிலாப்பூரிலிருந்து தாம்பரத்துக்கு ஜாகை மாற்றுகிறோம். பீங்கான் தட்டுகளும் ஊறுகாய் ஜாடிகளும் உடையாமல் போய்ச் சேர உபாயம் உண்டா? — ஒரு வாசகி

அம்மணி, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க அடுக்குவதே நம்மவர் வழக்கம். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியதும் மேலுள்ளவற்றின் பாரமெல்லாம் அடித்தட்டின்மேல் விழுந்து அதன் ஆயுளை முடித்துவிடுகிறது. ஆகவே ஒவ்வொன்றையும் பழைய செய்தித்தாளில் சுற்றி, பெட்டியின் அடியிலும் இடுக்குகளிலும் கிழிந்த வேட்டி புடவைகளைத் திணித்து, அலமாரியில் புத்தகங்கள் நிற்பதுபோல் நிமிர்த்தி வையுங்கள். புத்தகங்களையோ சிறு பெட்டிகளிலேயே இடுங்கள். கனத்த பெட்டியைத் தூக்கும் கூலியாளின் சாபம் பொல்லாதது. ஊறுகாய் ஜாடியின் வாயைத் துணியால் வேடு கட்டி, லாரியை நம்பாமல் மடியில் வைத்துக்கொண்டு போவதே உத்தமம். பால் காய்ச்ச வேண்டிய அடுப்பும் பாத்திரமும் சர்க்கரையும் தீப்பெட்டியும் கடைசியாக ஏறி முதலில் இறங்கட்டும்.