அச்சும் எல்லையும்

உப்பு வணிகராகிய உமணர், பண்டம் மிகுந்த தம் வண்டி பள்ளத்தில் இறங்கினும் மேட்டில் ஏறினும் இடையூறு நேராவண்ணம், அதன் கீழ் மற்றோர் அச்சைக் காவலாகக் கட்டிச் சென்றனர். புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார் இதனை உவமையாக்கினார். இன்று மரக்காணத்து உப்பு லாரியிற் செல்கின்றது. ஊர்தி மாறினும் பாரந்தாங்குவது அச்சே. அவ்வச்சின் பாரங்கொண்டு எல்லை கடக்கும் சரக்கினை மதிப்பிடுமாற்றை ஈண்டு ஆராய்வாம்.

மரக்காணத்துக்குத் தெற்கே, வானூர் வட்டம் புதுச்சேரியோடு எல்லை கொண்டது. 2017 ஜூலை 1-இல் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், தமிழ்நாட்டின் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் நீங்கின. 2018 ஏப்ரல் 1 முதல், மாநில எல்லை கடக்கும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கிற்கு மின்வழிப் பட்டியல் வேண்டும். உப்பிற்கோ அவ்வரியும் இல்லை, பட்டியலும் வேண்டா. ஆகவே, ஏட்டில் ஏறாத அச்சரக்கிற்குச் சாலையே சான்றாதல் வேண்டும்.

அச்சான்றினைப் பெறுவது எங்ஙனம்? ஐயுற்று நிறுத்திய லாரிகளை மட்டும் எடையிட்டு, அதனால் எல்லா லாரிகளையும் மதிப்பிடுதல் பிழையாம். மிகைப்பாரம் ஏற்றியோர் வேறு வழியும் செல்வரன்றோ? சாலையினுட் பதித்த உணர்கருவியோ, ஓடும் வண்டி ஒவ்வொன்றின் அச்சுப் பாரத்தையும், அச்சுகளின் இடைவெளியையும், நேரத்தையும் குறிக்கும்.

எனினும் ஓர் இடர் உண்டு. இப்பகுதியில் புதுச்சேரி நிலமும் தமிழ்நாட்டு ஊர்களும் ஒன்றனுள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. ஒரே லாரி ஒரே பயணத்தில் பன்முறை எல்லை கடக்கலாம். கடந்த முறைகளை மட்டும் எண்ணின், ஒரு மூட்டை மூன்று மூட்டையாகும். இதனைத் தீர்ப்பதும் எடையே. வடக்கே ஓரிடத்தும் தெற்கே ஓரிடத்தும் அளப்போமாயின், புகுந்த பாரத்தோடே வெளிப்படும் லாரி வழிப்போக்கு எனத் துணியலாம். 25 டன்னோடு புகுந்து 10 டன்னோடு வெளிப்படின், 15 டன் இடையில் இறங்கிற்று என்க. பதிவெண்ணும் உடன் குறிக்கப்படின் ஐயம் அகலும்.

இக்கணக்கால் ஆம் பயன் யாது? அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நிகழ்ந்த சாலைச் சோதனை, அச்சுப் பாரத்தின் ஏறத்தாழ நான்காம் படிக்கேற்பச் சாலை சிதையும் என்று காட்டிற்று. எனவே பாரம் 20 விழுக்காடு மிகின், சேதம் இருமடங்காம். லாரிகளை எண்ணி எடையை மறந்து சாலையமைப்போமாயின், அது காலத்திற்கு முன்னே குழியாகும். அக்குழியில் வீழ்வோர் லாரியில் அல்லர், மிதிவண்டியிற் செல்வோரே. உமணர் தம் வண்டிக்கு அச்சுத் தேடினர். நாம் சாலைக்கு அளவு தேடுதல் கடன்.