மாவட்டம் மாறியது, நெல்லைக்குப் போவது ஏன் நிற்கவில்லை?

கேள்வி: எங்கள் ஊர் சங்கரன்கோவில் பக்கம். தென்காசி தனி மாவட்டமானதும் அலைச்சல் தீர்ந்தது என்று நினைத்தோம். சில காரியங்களுக்கு இன்னும் நெல்லைக்குத்தான் பஸ் ஏறுகிறோம். எங்கள் எம்.பி. தொகுதிக்குள் ராஜபாளையம் எப்படி வந்தது என்றும் புரியவில்லை. வீட்டுப் பத்திரத்தில் 'திருநெல்வேலி மாவட்டம்' என்றே இருக்கிறது, மாற்ற வேண்டுமா? மறுசீரமைப்பு என்கிறார்களே, உண்மையில் எதுதான் மாறுகிறது?

பதில்: பத்திரத்தைப் பற்றிய கவலையை முதலில் விடுங்கள். பதிவான நாளில் ஊர் எந்த மாவட்டத்தில் இருந்ததோ அந்தப் பெயரோடு அது செல்லும். அடுத்து விற்கும்போதோ அடமானம் வைக்கும்போதோ புது ஆவணத்தில் தென்காசி என்று எழுதிக்கொள்வார்கள்.

மாவட்டப் பிரிவினை அடிப்படையில் வருவாய் நிர்வாகத்தின் பிரிவினை. 2019 நவம்பர் 22-இல் மாவட்டம் தொடங்கியபோது உங்களுக்கெனத் தனி ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் கிடைத்தார்கள். திங்கட்கிழமை குறைதீர் மனு, பட்டா மேல்முறையீடு ஆகியவற்றுக்குத் தென்காசியே போதும் என்றானது. இதைச் சிறிய லாபமாக நான் நினைக்கவில்லை. ஒருநாள் கூலியை இழந்து மனுவோடு வரிசையில் நிற்பவருக்கு அது பெரிது.

ஆனால் வருவாய்த் துறை போட்ட கோட்டை மற்றவர்கள் அப்படியே பின்பற்றுவதில்லை. மக்களவைத் தொகுதிகள் 2008-இல் வரையறுக்கப்பட்டவை. அந்த வரையறை அப்போதே மாவட்ட எல்லையைத் தாண்டியது; அதனால்தான் விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்காசித் தொகுதியில் இருக்கின்றன. தென்காசி மாவட்டத்து ஆலங்குளமோ திருநெல்வேலித் தொகுதியில் இருக்கிறது. நீதிமன்றங்களைப் பிரிக்க உயர் நீதிமன்றத்தின் இசைவு வேண்டும். தென்காசி மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லாததால் பெரிய சிகிச்சைக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிதான். அரசாணையால் எல்லையை ஒரே நாளில் மாற்றிவிடலாம். பணியிடமும் கட்டடமும் நிதியும் துறை துறையாகத்தான் வந்து சேரும்.

யாரும் பேசாத இழப்பு ஒன்று உண்டு. ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, மறுசீரமைப்புக்கு உள்ளான 9 மாவட்டங்களுக்கு மட்டும் தேர்தல் இல்லை. அங்கே வார்டு மறுவரையறையை முடித்த பிறகே நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தென்காசி, திருநெல்வேலி இரண்டும் அந்த ஒன்பதில் அடக்கம். 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் உங்கள் ஊர்கள் வாக்களித்தன. கொரோனா காலத்தின் பெரும்பகுதியிலும் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாமல், தனி அலுவலரின் கையில் ஊராட்சி இருந்தது. தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? புது மாவட்டம் அறிவிக்கும் அரசு, வார்டு வரையறைக்கும் அந்த அறிவிப்பிலேயே கெடு வைக்க வேண்டும். நிர்வாகம் அருகில் வருவதற்காக மக்கள் தங்கள் வாக்குரிமையை ஒத்திப்போடும்படி ஆகக்கூடாது.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது: எந்த வேலைக்காக நெல்லைக்குப் போகிறீர்கள் என்று துறை வாரியாக எழுதி ஆட்சியரிடம் மனுவாகக் கொடுங்கள். அந்த அலுவலகத்தைப் பிரிக்கச் சென்னையிலிருந்து ஆணை வர வேண்டுமா, ஆணை வந்தும் பணியிடம் நிரப்பாமல் கிடக்கிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். முதல் வகை என்றால் சட்டமன்ற உறுப்பினரிடம் போக வேண்டும். இரண்டாவது என்றால் துறைத் தலைமையிடம்.