கோப்பைகளில் பெய்த மழை

ஆண்டு விழா நெருங்கும்போது நம் பள்ளிகளில் நடப்பது நமக்குத் தெரிந்ததுதான். நன்றாகப் பாடும் நால்வர், ஆடும் எட்டுப் பேர், கூச்சமில்லாமல் வசனம் பேசும் இருவர் முதல் நாளிலேயே தேர்வாகிவிடுவார்கள். மற்றவர்களுக்கு நாற்காலி போடும் வேலை, இல்லையென்றால் நாடகத்தில் மரமாக நிற்கும் வேலை. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். பாட்டும் வசனமும் முன்பே இருக்கின்றன. அவற்றுக்குப் பொருந்தும் பிள்ளையைத் தேடுகிறோம். பிள்ளைக்குப் பொருந்தும் பாட்டை எழுதினால் என்ன? அப்படி எழுதியவர்கள் சிலரைப் பற்றி இங்கே பார்ப்போம்.

மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராக்கள் பெரும்பாலும் மறைந்தவர்களின் இசையையே வாசிக்கின்றன. தாளில் எழுதிய சுரத்தை வாசிப்பவர் மாற்றக் கூடாது. ஓரிடம் கடினமாக இருக்கிறதே என்று பீத்தோவனிடம் போய்க் கேட்கவும் முடியாது. இதற்கு மாற்றாக, நம்மிடையே வாழும் இசையமைப்பாளர் ஒருவரைச் சில ஆண்டுகள் தம்முடனேயே வைத்துக்கொண்டு புதிதாக எழுதச் சொல்லும் வழக்கம் பல இசைக்குழுக்களில் ஏற்பட்டது. அவரை 'உடனுறை இசையமைப்பாளர்' எனலாம். அமெரிக்காவில் 1982 முதல் 'மீட் த கம்போசர்' என்ற அமைப்பு இதற்கென ஒரு திட்டத்தையே நடத்தியது. சான்பிரான்சிஸ்கோ சிம்பொனியில் அப்படி இருந்தவர் ஜான் ஆடம்ஸ். அங்கிருந்தபோது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அவரால் உருப்படியாக ஒன்றும் எழுத முடியவில்லை. பிறகு ஒரு கனவு வந்தது. வளைகுடாவில் மிதந்த பெரிய எண்ணெய்க் கப்பல் ராக்கெட்டைப் போல வானில் கிளம்பியது. அந்தக் கனவிலிருந்து பிறந்த 'ஹார்மோனிலேரே' 1985இல் அரங்கேறியது. (ஒரு மாணவருக்கு ஒரு வாரம் கட்டுரை எழுத வராவிட்டால் நாம் எவ்வளவு பதறுகிறோம்!)

ஆசிரியர்களுக்கு இதைவிடப் பயன்படும் நிகழ்வு ஒன்று இங்கிலாந்தின் சஃபோக் கடலோரத்தில் நடந்தது. 1958 ஜூன் 18 அன்று, ஆர்ஃபர்ட் என்ற சிற்றூரின் தேவாலயத்தில் பெஞ்சமின் பிரிட்டனின் 'நோயீஸ் ஃபிளட்' அரங்கேறியது. நோவாவின் பெருவெள்ளக் கதைதான். செஸ்டர் நகரில் கைவினைஞர் குழுக்கள் முற்காலத்தில் தெருவில் நடித்த நாடகத்தை எடுத்து அதற்கு இசையமைத்தார். நோவா, அவருடைய மனைவி, கடவுளின் குரல் ஆகிய மூவர் மட்டுமே பெரியவர்கள். நோவாவின் பிள்ளைகள், மருமகள்கள், பேழைக்குள் அணிவகுத்து வரும் விலங்குகள், பறவைகள் எல்லாம் பள்ளிக் குழந்தைகள். இசைக்குழுவிலும் தேர்ந்த கலைஞர்கள் சிலர்தான்; அவர்களைச் சூழ்ந்து அமர்ந்தவர்கள் அக்கம்பக்கத்துப் பள்ளி மாணவர்கள்.

பிரிட்டன் எழுதிய விதத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். வயலின் வாசிக்கும் பிள்ளைகளை மூன்று குழுக்களாக்கினார். முதல் குழுவுக்கு ஓரளவு கடினமான பகுதி, இரண்டாவது குழுவுக்கு எளிய பகுதி. மூன்றாவது குழுவுக்கு நீண்ட இடங்களில் விரலே வைக்க வேண்டியதில்லை. வெறும் தந்தியில் வில்லை இழுத்தால் போதும். வயலினைக் கையில் எடுத்துச் சில மாதங்களே ஆன குழந்தையும் அங்கே உட்காரலாம். சாரணர்கள் ஊதும் பியூகிள் கொம்பில் சில சுரங்களுக்குமேல் வராது. அந்தச் சில சுரங்களைக் கொண்டே விலங்குகளின் அணிவகுப்புக்கு இசை எழுதினார். லெய்ஸ்டன் ஊர்ப் பள்ளி மாணவர்கள் கைமணிகள் அடிப்பார்கள். வானவில் தோன்றும் நேரத்துக்கு அந்த மணிகளை வைத்தார். வெள்ளத்தைப் பார்க்க வந்த ஊர் மக்களும் சும்மா இருக்க முடியாது, மூன்று இடங்களில் எழுந்து சேர்ந்து பாட வேண்டும். இதைத் தேவாலயத்திலோ பெரிய கூடத்திலோ நடத்துங்கள், நாடக அரங்கில் வேண்டாம் என்பதும் அவர் விதித்த நிபந்தனை.

மழைத் துளிக்குத்தான் ஒலி கிடைக்கவில்லை. தேநீர்க் கோப்பைகளைக் கரண்டியால் தட்டிப் பார்த்தார்; சரிவரவில்லை. உடன் பணியாற்றிய இமோஜன் ஹோல்ஸ்டிடம் போய்ச் சொன்னார். அவர் போர்க்காலத்தில் கிராமத்துப் பெண்களுக்குத் தாளக் கருவிகள் கற்றுக்கொடுத்தவர். பிரிட்டனைத் தம் சமையலறைக்கு அழைத்துப்போய், கைப்பிடியுள்ள பீங்கான் கோப்பைகளைக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டு மரக்கரண்டியால் தட்டிக் காட்டினார். மழை பெய்தது! நம் ஜலதரங்கத்தை அறிந்தவர்களுக்குப் பீங்கான் பாடும் என்பது புதிதல்ல. ஆனால் ஜலதரங்கத்துக்குப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். தொங்கும் கோப்பைக்கு ஒரு நாள் போதும்.

இதெல்லாம் குழந்தைகளுக்காக இறங்கிவந்து எழுதியது என்று யாரேனும் நினைக்கலாம். புயல் பகுதியைக் கேட்டால் அந்த எண்ணம் போய்விடும். ஒரே சுரவரிசை கீழே மீண்டும் மீண்டும் ஓடிக்கொண்டிருக்க, அதன்மேல் துளி, காற்று, அலை என ஒவ்வொன்றாக ஏறிச் சேருகின்றன. உச்சத்தில் எல்லோரும் சேர்ந்து பாடுகிறார்கள். பிறகு ஏறிய முறைக்கு நேர்மாறாக எல்லாம் இறங்கி, கடைசியில் மறுபடி துளிகள் மட்டும் மிஞ்சுகின்றன. 2012இல் வந்த 'மூன்ரைஸ் கிங்டம்' திரைப்படத்திலும் இந்த நாடகம் இடம்பெற்றது.

பீட்டர் மாக்ஸ்வெல் டேவிஸ் ஒருபடி மேலே போனார். 1959 முதல் 1962 வரை சைரன்செஸ்டர் நகரில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் இசை ஆசிரியர் அவர். மாணவர்களின் திறன் அறிந்து அவர்களுக்காகவே எழுதினார். 1960இல் அப்பள்ளிக்காக எழுதிய 'ஓ மாக்னம் மிஸ்டீரியம்' என்ற படைப்பில், மாணவர்கள் அந்த நேரத்தில் தாமாகவே கற்பனை செய்து வாசிக்க இடமும் விட்டிருந்தார். பின்னாளில் ஆர்க்னித் தீவுகளில் குடியேறியபோதும் அங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் நடிக்க இசை நாடகங்கள் எழுதினார்.

நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவில் ஜான் டீக் என்ற கலைஞர் 1995இல் தொடங்கிய திட்டத்தில் குழந்தைகளே இசையமைப்பாளர்கள். சுரம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. பாடிக் காட்டலாம், தட்டிக் காட்டலாம். உடனிருக்கும் கலைஞர் அதைத் தாளில் குறித்துக் கொடுப்பார். குழந்தையின் எண்ணத்தைத் தன் விருப்பப்படி மாற்றக் கூடாது. பெரிய கலைஞர்கள் அதை வாசிக்க, எழுதிய குழந்தை எதிரே உட்கார்ந்து கேட்கிறது.

மாற்றக் கூடாது என்ற அந்த விதிதான் நமக்குக் கடினம். ஏழாம் வகுப்பில் நான் இதைச் செய்துபார்த்தேன். அறிவியலில் ஒலி பற்றிய பாடம் முடிந்த வாரம் அது. எவர்சில்வர் டம்ளர்கள், கொட்டாங்குச்சிகள், பழைய தகர டின், செய்தித்தாள், விளக்குமாற்றுக் குச்சி ஆகியவற்றைப் பிள்ளைகளே கொண்டுவந்தார்கள். டம்ளரில் தண்ணீர் கூடக் கூடத் தட்டும் ஒலி தாழ்ந்துகொண்டே போவதை அவர்களே கண்டுபிடித்து, ஏன் என்று கேட்டார்கள். பாடம் நடத்தியபோது யாரும் கேட்காத கேள்வி! பிறகு ஒரு சார்ட்டில் மழையை எழுதினோம். துளிக்குப் புள்ளி, காற்றுக்கு நெளிகோடு, இடிக்குக் கருப்புக் கட்டம். இடமிருந்து வலமாக ஸ்கேலை நகர்த்தினால் அது தொட்ட குறியீட்டுக்கு உரியவர்கள் ஒலிக்க வேண்டும். முதல் முறையே நான் குறுக்கிட்டு இடியை முன்னால் நகர்த்தச் சொன்னேன். ஒரு சிறுமி, "மிஸ், எங்க ஊர்ல முதல்ல காத்துதான் வரும்" என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

வகுப்பில் வாய் திறக்கவே தயங்கும் மாணவர் ஒருவர் உண்டு. சொற்கள் திக்கும். அவர் எடுத்துக்கொண்டது ஒற்றை டம்ளர், தண்ணீர் முக்கால் அளவு. ஒத்திகை தோறும் எண்ணி எண்ணிச் சரியான இடத்தில் தட்டினார். மழை ஓயும்போது கடைசியாக நிற்க வேண்டிய ஒலி எது என்று வகுப்பில் பெரிய வாக்குவாதம். கூரையிலிருந்து சொட்டும் ஒலிதான் என்று முடிவாயிற்று. அது அவருடைய டம்ளர். எத்தனை சொட்டு என்று கேட்டேன். மூன்று விரலைக் காட்டினார். பிறகு யோசித்து, ஒன்றை மடக்கிக்கொண்டார்.