எண் கேட்டால் எழுத்து வந்தால்?

சி ப்ராக்டிகலில் எக்ஸ்டர்னல் முதலில் என்ன செய்வார் தெரியுமா? "மார்க் கொடுக்கவும்" என்று புரோகிராம் கேட்கும் இடத்தில் வேண்டுமென்றே 'ஏ' என்ற ஆங்கில எழுத்தைத் தட்டுவார். உடனே "தவறு, மீண்டும் கொடுக்கவும்" என்ற வரி திரை முழுக்க ஓட ஆரம்பிக்கும். கன்ட்ரோல்-சி அடித்தால்தான் நிற்கும்.

காரணம் சின்னது. ஸ்கேன்எஃப் பங்ஷனுக்கு 'பர்சென்ட் டி' கொடுத்தால் அது எண்ணை மட்டும்தான் எடுக்கும். 'ஏ'யைத் தொடாமல் இன்புட் பஃபரிலேயே விட்டுவிடும். லூப் திரும்பி வந்து பார்த்தால் அதே 'ஏ' அங்கேயே உட்கார்ந்திருக்கிறது! நாம் புதிதாகத் தட்டுவதற்கு இடமே இல்லை.

"ஸ்கேன்எஃப் திருப்பித் தரும் மதிப்பைச் சோதித்தால் போதுமே" என்பார்கள். 'ஏ' வந்தால் 0, 75 வந்தால் 1, வாஸ்தவம்தான். ஆனால் விரல் வழுக்கி '7யு5' என்று விழுந்தால்? 7-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, வெற்றி என்று 1 தரும். புரோகிராம் மூச்சு விடாது. 75 வாங்கிய பையன் 7 மார்க்கில் பெயில்! மிச்சமிருக்கும் 'யு5' அடுத்த பையனின் மார்க்கைக் கேட்கும்போது குறுக்கே வந்து நிற்கும். ஓயாத லூப்பைவிட எனக்கு இதுதான் பயம். லூப் ஓடினால் கண்ணுக்காவது தெரியும்.

ஏடிஓஐ-யும் உதவாது. வெறும் எழுத்தைக் கொடுத்தாலும் 0, நிஜமான பூஜ்யத்தைக் கொடுத்தாலும் 0.

ஆகவே எஃப்கெட்ஸ் மூலம் முழு வரியையும் ஸ்டிரிங்காக வாங்குங்கள். (கெட்ஸ் வேண்டவே வேண்டாம். அது அளவு பார்க்காது. 2011 சி ஸ்டாண்டர்டில் அதை எடுத்தே விட்டார்கள்.) பிறகு எஸ்டிஆர்டிஓஎல். எந்த எழுத்தில் நின்றோம் என்பதை இரண்டாவது ஆர்க்யுமென்ட்டான பாயிண்டர் வழியாக அது சொல்லிவிடும். ஆரம்பத்திலேயே நின்றால் எண்ணே இல்லை. நின்ற இடத்தில் புதுவரிக் குறியோ ஸ்டிரிங் முடிவோ இருந்தால் சரி; 'யு' இருந்தால் திருப்பிக் கேட்க வேண்டியதுதான். மூன்றாவது ஆர்க்யுமென்ட் 10 ஆக இருக்கட்டும். சும்மா 0 போட்டால், 010 என்பதை ஆக்டலாக எடுத்து 8 ஆக்கிவிடும்.

கடைசியில் 0 முதல் 100 வரை என்ற சோதனை. இதை லாங் மதிப்பிலேயே செய்துவிட வேண்டும். டர்போ சி-யில் இன்ட் 16 பிட்தான். யாராவது 65611 என்று கொடுத்து, அதை முதலில் இன்ட்டில் போட்டுவிட்டு அப்புறம் சோதித்தால், 75 என்று நல்ல பிள்ளையாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்!